கொல்களத்து வாசலில் நின்றுவிட்ட நாவல்

இலக்கியம் சமுதாயத்தை மாற்றவல்லது என்பதற்குச் சான்று கேட்போர்க்கு முற்போக்காளர் எடுத்துக்காட்டும் நூல்களுள் அப்டன் சின்கிளேயரின் ‘தி ஜங்கிள்’ ஒன்று. காடு என்று பொருள்படும் இப்பெயரால் அவர் குறித்தது அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைகளை. 1904ஆம் ஆண்டில் ஏழு வாரங்கள் அத்தொழிற்சாலைகளைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகளில் திரிந்து, கண்டவற்றையும் கேட்டவற்றையும் திரட்டி, 1905இல் ஒரு சோஷலிசப் பத்திரிகையில் தொடராக எழுதினார். 1906இன் தொடக்கத்தில் அது நூலாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தில் ஜனாதிபதி தியடோர் றூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். ஒரு நாவல் வெளிவந்து சில மாதங்களுள் ஓர் அரசைச் சட்டமியற்ற வைத்தமை பெருமைக்குரிய செய்தி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நூற்றிருபது ஆண்டுகள் கழிந்த இன்று அந்நாவலை மீண்டும் எடுத்துப் படிக்கும் நாம், பெருமையோடு நின்றுவிடுதல் தகாது. அது எதனைக் கண்டது, எதனைக் காணவில்லை, அதன் வழித்தோன்றல்கள் எங்கே நிற்கின்றன என்று வினவுதல் வேண்டும். எமது முடிபை முதலிலேயே கூறிவிடுகிறோம். சின்கிளேயரின் காலத்தில் பன்றியின் சாவிலேதான் தொழிற்சாலை தொடங்கிற்று. இன்று அது பன்றியின் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. தொழிற்சாலை இவ்வாறு பின்னோக்கி நகர்ந்து கிராமத்துள் புகுந்துவிட்டபோதும் இலக்கியம் பெரும்பாலும் கொல்களத்து வாசலிலேயே நின்றுவிட்டது. அதன் காரணமாக, இத்தொழிலைப் பற்றிய மிக முக்கியமான கேள்வியாகிய உடைமைக் கேள்வி, இன்றும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

முதலில் நாவலின் வலிமையை நோக்குவோம். பன்றியை இயந்திர முறைப்படி கூறாக்கும் தொழில் சிக்காகோவில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஓகையோ ஆற்றங்கரையிலுள்ள சின்சினாற்றி நகரம் ‘பன்றிநகர்’ என்று பட்டப்பெயர் பெற்றிருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டின் நத்தார் தினத்தன்று சிக்காகோவில் யூனியன் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டபின், புகையிரதப் பாதைகள் அனைத்தும் அங்கே வந்து கூடின. தலைக்குமேல் ஓடும் சங்கிலியில் தொங்கிவரும் உடலை, வரிசையாக நிற்கும் தொழிலாளர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வெட்டு வெட்டுவர். மோட்டார் வண்டிகளைத் தொடர்வரிசையில் பூட்டிய ஹென்றி ஃபோர்ட், அவ்வெண்ணம் சிக்காகோ இறைச்சிக் கூடத்து மேற்சங்கிலியிலிருந்தே பொதுவாகத் தமக்குக் கிட்டியதெனத் தமது 1922ஆம் ஆண்டுச் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். இந்நூற்றாண்டின் உற்பத்தி முறை முழுவதற்கும் பன்றியின் உடலே முதற் பாடப்புத்தகமாயிற்று எனக் கூறுதல் மிகையாகாது.

சின்கிளேயர் இதனைக் கண்டுகொண்டார். லித்துவேனியாவிலிருந்து பிழைப்புத் தேடிவந்த யூர்கிஸ் என்ற உழவன், குடும்பத்தாருடன் கொல்களத்தைப் பார்வையிடும் அத்தியாயம் நாவலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. சுழலும் சக்கரம் பன்றிகளின் காலைப் பற்றித் தூக்குகிறது. ஓலம் கூடத்தை நிறைக்கிறது. வேலை செய்பவர்களோ அதனைக் கேட்பதேயில்லை. யூர்கிஸ் தான் பன்றியாய்ப் பிறக்கவில்லையே என்று மகிழ்கிறான். அவனது உடல் உடைந்து, மனைவியும் மகனும் மாண்டு, சிறைவாசமும் பசியும் கண்டபின், நாவலின் இறுதிப் பகுதியில், தானும் அம்முதலாளிகளின் பன்றிகளுள் ஒன்றாகவே இருந்திருப்பதை உணர்கிறான். இந்த ஒப்புமை அலங்காரத்துக்காகச் செய்யப்பட்ட உவமையன்று. உடலிலிருந்து கடைசித் துளி வரை பிழிந்தெடுத்தபின் எறிந்துவிடும் கணக்கு, விலங்குக்கும் கூலியாளுக்கும் ஒன்றே என்ற பொருளாதார உண்மை அதனுள் அடங்கியிருக்கிறது.

ஆனால் வாசகர் இந்த உண்மையை ஏற்றனரா? இல்லை. நாவலில் ஒரு சில பக்கங்களே கெட்ட இறைச்சியைப் பற்றிப் பேசின. நடுத்தர வர்க்கத்தார் அப்பக்கங்களையே படித்துக் குமட்டினர். தொழிலாளியின் துயரத்துக்கு நெஞ்சுருகவேண்டுமென ஆசிரியர் விரும்பினார். கலங்கியதோ வாசகரின் வயிறு. இதனைச் சின்கிளேயரே பின்னர் கசப்புடன் குறிப்பிட்டிருக்கிறார். 1906ஆம் ஆண்டுச் சட்டம் இறைச்சியைப் பரிசோதித்தது. இறைச்சி வெட்டியவனின் கூலியையோ, அவன் விரல் போனதையோ பரிசோதிக்கவில்லை. பரிசோதனைச் செலவும் அரசாங்கத் திறைசேரியின் தலையில் விழுந்தது. அரசு முத்திரை பெற்ற இறைச்சியைப் பெரிய கம்பனிகள் வெளிநாட்டுச் சந்தைகளில் தயக்கமின்றி விற்க முடிந்தது. இத்தகைய சட்டங்களால் பெருமுதலாளிகளே நலம் பெற்றனரென வரலாற்றாசிரியர் கேப்ரியல் கொல்கோ 1963இல் விரிவாக வாதிட்டார்.

நுகர்வோனின் வயிற்றிலிருந்து புறப்படும் சீர்திருத்தம் நுகர்வோனின் வயிற்றோடு முடிந்துவிடும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம்.

இனி நாவலின் எல்லையைக் காண்போம். சின்கிளேயரின் பன்றிகள் புகையிரதத்தில் வந்திறங்குகின்றன. எங்கிருந்து வருகின்றன என்று நாவல் கேட்கவில்லை. அன்று கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அயோவா, இலினோய் மாநிலங்களின் சிறுவிவசாயிகள், சோளத்தையும் பாற்கழிவையும் உண்ணக் கொடுத்து ஆளுக்குச் சில பத்துப் பன்றிகளை வளர்த்தனர். கடன்பட்ட குடும்பத்தை மீட்கும் பிராணி என்பதால், ஈட்டைத் தீர்ப்பவன் என்று அதற்குச் செல்லப்பெயரும் வைத்திருந்தனர். பன்றியின் சாவு தொழிற்சாலைக்குச் சொந்தமாயிருந்தது. வாழ்வு குடியானவனின் முற்றத்தில் கழிந்தது.

இந்நிலை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மாறலாயிற்று. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சிறிதளவு தீனியில் கலந்தால் விலங்குகள் விரைந்து கொழுக்கும் என்பது 1950ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஆய்வுகூடங்களில் வெளிப்பட்டது. செயற்கை விற்றமின்கள் வந்தபின் பன்றிக்கு வெயிலும் புல்லும் தேவைப்படவில்லை. கழிவு தானே கீழே விழும்படி இடைவெளிவிட்ட தளம், மின்விசிறி, இயந்திரத் தீனிக்குழாய் ஆகியன சேர்ந்தபோது ஆயிரக்கணக்கான பன்றிகளை ஒரே கூரையின்கீழ் அடைப்பது சாத்தியமாயிற்று. கோழித்தொழிலில் முன்னரே வேரூன்றியிருந்த ஒப்பந்த முறை பன்றித் தொழிலுக்கும் வந்தது. அமெரிக்காவில் 1992இல் 2,40,000க்கும் மேற்பட்டிருந்த பன்றிப் பண்ணைகள் 2004இல் 70,000க்கும் குறைந்தன. பன்றிகள் குறையவில்லை, பன்றி வளர்த்த குடும்பங்களே குறைந்தன.

அக்கொட்டிலின் உள்ளே நடப்பதைச் சிறிது விவரித்தல் அவசியம். கருவுற்ற பெண்பன்றி ஏறத்தாழ இரண்டடி அகலமும் ஏழடி நீளமும் கொண்ட இரும்புக் கூட்டினுள் நிறுத்தப்படுகிறது. அதனால் எழவும் படுக்கவும் முடியும், திரும்ப முடியாது. மூன்று மாதமும் மூன்று வாரமும் மூன்று நாளும் நீளும் கருக்காலத்தின் பெரும்பகுதி இவ்வாறே கழிகிறது. ஈனும் காலம் நெருங்கும்போது மண்ணைக் கிளறி, வைக்கோலும் சுள்ளியும் சேர்த்துப் படுக்கை அமைப்பது பன்றியின் இயல்பு. அக்கூட்டில் வைக்கோலும் இல்லை, மண்ணும் இல்லை. எனவே அது வெறும் இரும்பைக் கிளறுகிறது. குட்டிகள் மூன்று வாரமளவில் தாயிடமிருந்து பிரிக்கப்படுகின்றன. நெருக்கத்தால் ஒன்றன் வாலை ஒன்று கடிக்கும், அதற்குப் பரிகாரமாக இடம் அதிகரிக்கப்படுவதில்லை, வால் வெட்டப்படுகிறது. ஆறு மாதமளவில் அவை கொல்களத்துக்குச் செல்லும்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்காகச் சோமசுந்தரக் கடவுளே தாய்ப்பன்றியாய் வந்து முலைகொடுத்த படலம் ஒன்றுண்டு. புராணத்தை நம்பாதவரும், தாய்மையை அளக்கத் தமிழன் ஒருவன் பன்றியைத் தேர்ந்தெடுத்த துணிவை வியக்காதிரார். இன்றைய கொட்டிலில் தாய்மையும் ஆண்டுக்கு இத்தனை குட்டி என்ற கணக்குப் புத்தக இலக்கமாகிவிட்டது.

எனினும் விலங்கின் துன்பத்தை மட்டும் பேசி முடிப்பவர் இத்தொழிலின் பாதியையே கண்டவராவர். மறுபாதி ஒப்பந்தப் பத்திரத்தில் இருக்கிறது. பன்றி கம்பனிக்குச் சொந்தம். தீனி கம்பனிக்குச் சொந்தம். மருந்தும், எந்நாளில் எத்தனை பன்றி வரும் போகும் என்ற முடிவும் கம்பனிக்குரியன. கொட்டில் விவசாயிக்குச் சொந்தம். அதைக் கட்டுவதற்குப் பட்ட வங்கிக் கடனும் அவனுக்கே சொந்தம். இவற்றோடு, இறந்துபோன பன்றியும் உயிரோடுள்ள பன்றி கழிக்கும் கழிவும் அவன் பொறுப்பு. இலாபம் தரும் உடலை ஒருவனும், நட்டந் தரும் கழிவை இன்னொருவனும் வைத்துக்கொள்ளும் இந்தப் பங்கீட்டிலேதான் தொழில்மயப் பன்றி வளர்ப்பின் முழு இரகசியமும் அடங்கியிருக்கிறது. நிலவுடைமைச் சமுதாயத்தில் குத்தகைக்காரன் விளைவில் ஒரு பங்கையாவது கண்டான். இவனோ தன் சொந்த நிலத்திலேயே பிறர் பன்றிக்குக் காவலாளி.

அக்கழிவு எங்கே செல்கிறது? வட கரோலைனா மாநிலத்தின் கதை இதற்கு விடை தரும். 1980களின் பிற்பகுதியில் அங்கு ஏறத்தாழ 25 இலட்சம் பன்றிகள் இருந்தன. பத்தாண்டுகளுள் அத்தொகை ஒரு கோடியளவை எட்டிற்று. ஒப்பந்த முறையைப் பரப்பியோருள் முதன்மையானவரான வெண்டல் மேர்ஃபி, 1983 முதல் 1992 வரை அம்மாநிலச் சட்டசபை உறுப்பினராகவும் விளங்கினார். இத்தொழிலுக்குச் சாதகமான சட்டங்கள் சில இயற்றப்பட்டதும் அக்காலத்திலேயே. பன்றிக் கழிவைத் திறந்த குளங்களில் தேக்கி, நிறைந்ததும் வயல்களில் விசிறியடிப்பதே அங்கு வழக்கம். 1995 ஜூன் மாதத்தில் அத்தகைய குளமொன்றின் அணை உடைந்து, இரண்டரைக் கோடி கலன் கழிவு நியூ ஆற்றில் கலந்தது. மீன்கள் கூட்டங்கூட்டமாய் மாண்டன. 1999 செப்டெம்பரில் ஃபுளொயிட் சூறாவளி வீசியபோது குளங்கள் பல வெள்ளத்தில் மூழ்கின. ஆயிரக்கணக்கான பன்றிகள் செத்து மிதந்தன.

இக்குளங்கள் செறிந்த டூப்லின், சாம்சன் மாவட்டங்களில் மனிதரைவிடப் பன்றிகள் பன்மடங்கு அதிகம். குளங்களின் அயலில் வாழ்வோரில் கறுப்பின மக்கள் அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அடிமைகளாய் இருந்த முன்னோர் விடுதலைக்குப்பின் பாடுபட்டு வாங்கிய துண்டு நிலங்களில், சன்னலைத் திறக்கவும் துணி உலர்த்தவும் முடியாத வாழ்வு இவர்களுடையது. இங்கே சின்கிளேயரின் நாவலில் உள்ள ஒரு குறையை மறைப்பது நேர்மையாகாது. 1904ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை முறியடிக்கக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளரை அவர் இனவெறி படிந்த சொற்களால் சித்திரித்தார். வறுமையே அவர்களை அங்கு இட்டுவந்ததென்பதைக் காண அவரது சோஷலிசம் தவறிற்று. அவர் காணத் தவறிய மக்களின் தலையிலேயே அத்தொழிலின் கழிவு இன்று கொட்டப்படுகிறது. எழுத்தாளன் ஒரு கண்ணை மூடிக்கொண்டால் எத்திசையில் குருடனாவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அம்மக்கள் வாளாவிருக்கவில்லை. ஐந்நூற்றுவர் வரையினர் வழக்குத் தொடுத்தனர். 2018, 2019 ஆண்டுகளில் விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளிலும் ஜூரிமார் அயலவர் பக்கமே தீர்ப்பளித்தனர். அவற்றுள் ஒன்றில் விதித்த தொகை 47 கோடி டொலருக்கு மேல். மாநிலச் சட்டம் வகுத்த உச்சவரம்பு அதனை 9 கோடியளவுக்குக் குறைத்தது. இத்தகைய வழக்குகளை இனிமேல் தொடுப்பதே அரிதாகும்படி மாநிலச் சட்டசபை 2017இலும் 2018இலும் சட்டங்களைத் திருத்திக்கொண்டது. சட்டசபை எந்த வர்க்கத்தின் சபை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

கொல்களத்திலும் யூர்கிஸ் மறைந்துவிடவில்லை. பெயரும் நிறமும் மொழியும் மாறியிருக்கிறான். சிக்காகோச் சந்தை 1971இல் மூடப்பட்டது. தொழிற்சங்கம் பலம்பெற்ற நகரங்களை விட்டு முதலாளிகள் நாட்டுப்புறத்துக்குக் கொல்களங்களைப் பெயர்த்தனர். 1992இல் வட கரோலைனாவின் டார் ஹீல் என்ற சிற்றூரில் திறக்கப்பட்ட கூடத்தில் நாளொன்றுக்கு 32,000 பன்றிகள் வரை வெட்டப்பட்டன. மெக்சிக்கோவிலிருந்து வந்தவரும் கறுப்பினத்தவரும் செவ்விந்தியரும் அங்கு எவ்வாறு இனவாரியாக வரிசைப்படுத்தப்பட்டனர் என்பதை, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து எழுதினார் சார்லி லெடஃப் என்ற பத்திரிகையாளர். அக்கட்டுரை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினாறு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின்னர், 2008 டிசெம்பரில் அத்தொழிலாளர் தொழிற்சங்கத்தை வென்றெடுத்தனர். 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது அமெரிக்க இறைச்சிக் கூடங்கள் நோய்க்களங்களாயின. கூடங்கள் மூடப்பட்டதும், நாள் தவறாது கொல்லப்படுவதற்கென்றே அளவிட்டு வளர்க்கப்பட்ட பன்றிகளை வைத்திருக்க இடமின்றிக் கொன்று புதைத்தனர். ஏப்ரல் மாத இறுதியில், கூடங்கள் திறந்திருக்கவேண்டுமென ஜனாதிபதியின் கட்டளை பிறந்தது. தொழிலாளியின் உயிரைவிட உற்பத்தியின் வேகம் பெரிதாயிற்று.

இவ்வளவு நிகழ்ந்தும் ‘தி ஜங்கிள்’ போன்றதொரு நூல் பன்றிக் கொட்டிலைப் பற்றி ஏன் எழவில்லை? இக்கேள்வியே எமக்கு முக்கியமானது. இதற்கு மூன்று காரணங்களை நாம் காண்கிறோம்.

முதலாவது, கொல்களத்தில் ஆயிரம் தொழிலாளர் கூடுவர், பேசுவர், வேலைநிறுத்தம் செய்வர். நாவலுக்கு வேண்டிய மனிதர் அங்குண்டு. பல்லாயிரம் பன்றிகள் அடைந்த கொட்டிலிலோ ஒருவரோ இருவரோ பணிபுரிவர். தொழிலாளரை ஒன்று திரட்டிய முதலாளித்துவத்தை எழுதப் பழகிய முற்போக்கு இலக்கியம், தொழிலாளரை அகற்றிவிட்ட முதலாளித்துவத்தை எவ்வாறு எழுதுவதென்று இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இரண்டாவது, வாசல் அடைக்கப்பட்டுவிட்டது. சின்கிளேயர் தொழிலாளிபோல் உடுத்து, கையில் சாப்பாட்டு வாளியுடன் உள்ளே நடந்தார். 2012இல் அயோவா மாநிலம், பொய்க்காரணம் கூறிப் பண்ணையில் வேலைக்குச் சேர்வதைக் குற்றமாக்கிச் சட்டமியற்றிற்று. நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றபோது, 2019இல் வேறு வடிவில் மீண்டும் இயற்றிற்று. பிற மாநிலங்களும் அவ்வழியே சென்றன. இன்று ஒரு சின்கிளேயர் பிறந்தால் அவர் குற்றவாளியாகக்கூடும்.

மூன்றாவது, எழுதியவர்களும் ஒரு பக்கத்தையே எழுதினர். இங்கிலாந்தின் ரூத் ஹரிசன் 1964இல் வெளியிட்ட ‘விலங்கு இயந்திரங்கள்’ என்ற நூல், றேச்சல் கார்சனின் முன்னுரையோடு வந்து பெரும் அதிர்வை உண்டாக்கிற்று. அடுத்த ஆண்டே அரசு நியமித்த பிரம்பெல் குழு, விலங்கு திரும்பவும் எழவும் கைகால் நீட்டவும் இடம் வேண்டுமென்று அறிக்கையிட்டது. போற்றத்தக்க நூல் அது. ஆனால் விலங்கை இயந்திரமாக்கிய அதே கை விவசாயியைக் கடனாளியாக்குவது அதன் மையத்தில் இல்லை. அமெரிக்க நாவலாசிரியை ஆனி புறூ 2002இல் எழுதிய நாவல், டெக்சாஸ் சமவெளியில் பன்றிக் கம்பனிக்காக இரகசியமாய் நிலம் தேடியலையும் இளைஞனைப் பற்றியது. கொட்டில் கட்டப்படுமுன்பே நிலமும் மௌனமும் விலைக்கு வாங்கப்படுவதை அவர் நுட்பமாகக் காட்டினார். ஆயினும் கதை கொட்டிலின் வெளியேயே சுற்றுகிறது.

பேர்டோல்ட் பிறெக்ற்றிடம் மட்டுமே நாம் இன்னொரு ஒளியைக் காண்கிறோம். ‘கொல்களங்களின் புனித ஜோன்’ என்ற அவரது நாடகம் 1929க்கும் 1931க்குமிடையில் எழுதப்பட்டு, 1959இலேயே முதன்முறையாக ஹாம்பர்க் நகரில் முழுமையாக மேடையேறிற்று. சிக்காகோவின் இறைச்சிமன்னன் மௌலர், வெட்டுண்ட எருதுக்காகக் கண்கலங்கித் தொழிலையே துறக்கப்போவதாகக் கூறுகிறான். அக்கண்ணீருக்குப் பின்னால் சந்தை சரியப்போகிறதென்ற இரகசியக் கடிதம் அவன் பையில் இருக்கிறது. விலங்குக்காக விடும் கண்ணீரும் ஒரு வியாபார உத்தியாகலாம் என்பதை இதைவிடக் கூர்மையாக எவரும் காட்டவில்லை. அன்பு முத்திரையும் ‘மருந்தற்றது’ என்ற சீட்டும் ஒட்டிய பொதிகளை அதிக விலைக்கு வாங்கும் இன்றைய நுகர்வோன், மௌலரை நினைவிற் கொள்வது நன்று.

இதனால் சீர்திருத்தங்களை நாம் எள்ளுவதாகக் கருதவேண்டாம். கருக்காலக் கூட்டினை முதல் நான்கு வாரங்களுக்கு அப்பால் பயன்படுத்துவதை ஐரோப்பிய ஒன்றியம் 2013 ஜனவரியிலிருந்து தடைசெய்தது. கலிபோர்னியா மக்கள் 2018இல் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்துப் பன்றித் தொழிலதிபர் உச்ச நீதிமன்றம் வரை சென்று 2023இல் தோற்றனர். கொழுக்க வைப்பதற்காக நுண்ணுயிர்க்கொல்லி ஊட்டுவதைச் சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இலும் நிறுத்தின. 2015இல் சீனப் பன்றிகளில், கடைசிப் புகலிடமாகக் கருதப்படும் கொலிஸ்டின் மருந்துக்கும் அடங்காத பக்ரீரியா கண்டறியப்பட்டதை எண்ணினால், இத்தடை மனிதகுலத்துக்கே வேண்டிய காப்பு என்பது புலனாகும். மலேசியாவில் 1998-99இல் பழமரங்களின் அருகே பெருகிய பன்றிப் பண்ணைகளில், வௌவாலிலிருந்து பன்றிக்கும் பன்றியிலிருந்து மனிதனுக்கும் தாவிய நிப்பா வைரசு நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதும் மறக்கத்தக்கதன்று. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் கூட்டின் அகலம் கூடியபின்னும் பன்றி கம்பனிக்கும் கழிவு விவசாயிக்குமாகவே இருக்கிறது.

உடைமை மாறினால் போதுமென்று எளிதாய்ச் சொல்லிவிடவும் நாம் துணியோம். 1970களில் சோவியத் நாடு ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொழுக்கவைக்கும் வளாகங்களை எழுப்பிற்று. கிழக்கு ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே வளாகமும் அத்தகையது. அங்கும் கழிவு மண்ணையும் நீரையும் கெடுத்தது. சீன எழுத்தில் ‘வீடு’ என்ற குறி, கூரைக்கடியில் நிற்கும் பன்றியின் வடிவம். எருவுக்காகவே பன்றி வளர்த்து, அவ்வெருவை மண்ணுக்கே திருப்பியளித்த நாடு அது. அங்கே ஹூபெய் மாகாணத்தின் எசோ நகரில், சீமெந்துத் தொழிலில் பணம் திரட்டியவர்கள் இருபத்தாறு மாடிப் பன்றிக் கட்டிடத்தை 2022இல் இயங்கவைத்தனர். அதுபோன்ற இரு கட்டிடங்கள் நிறைந்தால் ஆண்டுக்கு 12 இலட்சம் பன்றிகள் என்பது திட்டம். அமெரிக்காவின் மிகப் பெரிய பன்றிக் கம்பனியையே 2013இல் ஒரு சீனக் கம்பனி விலைக்கு வாங்கியது. கம்பனியின் கொடி மாறிற்று. வட கரோலைனாவின் குளங்கள் அப்படியே நிற்கின்றன. 2018இல் சீனாவில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவிப் பல கோடிப் பன்றிகள் அழிந்தபோது முற்றத்தில் வளர்த்த சிறு குடும்பங்களே தொழிலை விட்டன; அவ்விடத்தை மாடிக் கட்டிடங்கள் நிரப்பின. அந்நோய் 2024இல் எமது நாட்டுக்கும் வந்து, மேற்குக் கரையோரத்துச் சிறு வளர்ப்போரையும் வாட்டியது. நோய்க்குப் பின்னர் பெரிய முதலீடே பாதுகாப்பு என்ற குரல் எங்கும் எழுவது இயல்பு. அக்குரலை ஆராயாமல் ஏற்கலாகாது.

எதிர்காலம் பற்றித் தொழிலதிபர் கூறும் விடை விஞ்ஞானத்தின் பெயரால் வருகிறது. நெருக்கத்தில் பரவும் ஒரு கொடிய நோய்க்கு ஆட்படாதவாறு மரபணு திருத்தப்பட்ட பன்றியை 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு உணவுக்கு அனுமதித்தது. விஞ்ஞானத்துக்கு நாம் எதிரிகளல்லர். ஆனால் கொட்டிலைப் பன்றிக்கேற்ப மாற்றாமல், பன்றியைக் கொட்டிலுக்கேற்ப மாற்றும் விஞ்ஞானம் எவரது கட்டளைக்குக் கீழ்ப்பட்டது என்று கேட்பது விஞ்ஞானத்துக்கே செய்யும் தொண்டாகும்.

இங்கே மீண்டும் சின்கிளேயரிடம் செல்வோம். நாவலின் இறுதி அத்தியாயங்கள் சொற்பொழிவுகளாய் நீண்டு கலையைக் கெடுக்கின்றன என்று விமர்சகர் கூறுவர். அது பெரும்பாலும் உண்மையே. எனினும் கடைசி அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் கூறும் கருத்து எமது கவனத்துக்குரியது. கூலியடிமைத்தனம் உள்ளவரை எவ்வளவு அருவருப்பான தொழிலுக்கும் ஆள் கிடைக்கும்; உழைப்பு விடுதலையடைந்த நாளில் அத்தொழிலின் கூலி உயரும்; இறைச்சியின் உண்மையான விலை அன்றுதான் தெரியவரும் என்பது அதன் சாரம். கழிவை மண்ணுக்குத் தீங்கின்றித் திருப்பும் செலவு, வெட்டுபவனின் தோள்மூட்டுச் செலவு, அயலவனின் மூச்சுச் செலவு ஆகிய அனைத்தும் கம்பனியின் கணக்கிலேயே எழுதப்படுமாயின், மலிவான பன்றியிறைச்சி என்ற ஒன்று உலகில் இராது. மலிவு என்பது, வேறொருவர் செலுத்திய விலை.

எமது வாசகருள் சிலர், பன்றியைப் பற்றி இலக்கிய ஏட்டில் இத்தனை பக்கமா என்று முகஞ்சுளிக்கலாம். தமிழில் பன்றி என்ற சொல்லே வசையாகப் பயன்படுகிறது. பன்றியோடு சேர்ந்த கன்றும் மலந்தின்னும் என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். அவ்வசை விலங்கோடு நிற்காமல் அதனை வளர்த்த ஒடுக்கப்பட்ட மக்கள்மீதும் வீசப்பட்டது. அருவருப்பு என்பது கேள்வி கேட்காமலிருக்கச் சமுதாயம் எமக்குப் பழக்கிய வழக்கம். வட கரோலைனாவின் குளமும் அந்த வழக்கத்தின் மறைவிலேதான் நிறைகிறது: மூக்கைப் பொத்துபவன் கண்ணையும் மூடிக்கொள்கிறான்.

ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் ‘தி ஜங்கிள்’ நாவலைப் படிக்கவேண்டும். கொல்களத்து அத்தியாயத்தை வகுப்பில் விவாதிக்கவேண்டும். ஆனால் பன்றி எவ்வாறு சாகிறது என்ற வினாவோடு பாடத்தை முடித்துவிடாமல், அது எங்கே பிறந்தது, யாருடைய கடனில் வளர்ந்தது, அதன் கழிவு யாருடைய கிணற்றில் கலந்தது என்று கேட்கவேண்டும். இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய தலைமுறையிலிருந்தே கொட்டிலின் கதவைத் திறக்கும் நாவலாசிரியன் தோன்றுவான். அவனுடைய நூலைப் படித்து வாசகனின் வயிறு கலங்குவது மட்டும் போதாது. கணக்குப் புத்தகமும் கலங்கவேண்டும்.